பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பர்மாவில் பெகு ஊரிலிருந்து எழுதுகிறேன். மின்சார வண்டிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதெல்லாம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், என்ன விலை என்பதுதான். ரிப்பேர் ஆனால் யார் பிரிப்பார் என்று ஒரு வரி கூட இருப்பதில்லை. மூன்று வருஷமாக இ-பைக் ஓட்டுகிறேன், முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. எங்கள் ஊரில் தடை இல்லை, பெட்ரோலுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய்த்தான் நான் இதற்கு மாறினேன். சீனாவில் செய்த 48 வோல்ட் வண்டி, சீட்டுக்கு அடியில் நாலு 12 வோல்ட் ஈய பேட்டரி.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை சாவி போட்டால் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் சக்கரம் அசையவில்லை. வாங்கின ஷோரூமுக்கே தள்ளிக்கொண்டு போனேன். கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டி) போய்விட்டது, ரங்கூனிலிருந்து வரவேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றவில்லை. மனசு கேட்காமல் டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பட்டறைக்குத் தள்ளினேன். அங்கே இருக்கிற மெக்கானிக்கை எல்லாரும் ஸயா என்பார்கள், பர்மிய மொழியில் வாத்தியார் என்று அர்த்தம். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பின்னால் குனிந்தார். நான் பிரேக்கைத் தொடவே இல்லை, ஆனால் பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு அது போதும். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாமல் நிறுத்துகிற சின்ன சுவிட்ச் ஒன்று பிரேக் பிடியில் இருக்கிறது, அதில் தண்ணீரும் மண்ணும் ஏறி இறுகிவிட்டது, நான் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறேன் என்று வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வயரைக் கழற்றிவிட்டுத் திருகினார், சக்கரம் சுற்றியது. பழைய டூத் பிரஷால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி மாட்டினார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான்.

அப்புறம் வண்டி பாதி தூரம்தான் ஓடுகிறது என்று ஆனபோது, நாலு பேட்டரியையும் மாற்றச் சொன்னார்கள் ஷோரூமில். ஸயா வண்டியை ஓடவிட்டு மீட்டரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்று 12க்குப் பக்கத்தில் நின்றன, ஒன்று மட்டும் 9க்கு இறங்கியது. அந்த ஒன்றுதான் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டிருந்தது. புதுசைப் போட்டால் பழசோடு சேராது என்று, அதே வயசுள்ள நல்ல பேட்டரி ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போதே சார்ஜில் போடு, அரை மணி நேரமானாலும் பரவாயில்லை, காலியாக மட்டும் வைக்காதே என்றார். காலியாக இருந்தால் ஈயத்தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடுமாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் தேடினேன், இதில் ஒன்றும் இல்லை.

எல்லாப் பட்டறையும் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் தடிக் கம்பியைச் சுற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், தீப்பிடிக்க அது ஒன்றே போதும். லித்தியம் பேட்டரியைத் தெரியாதவர் பிரிக்கவே கூடாது. ஆனால் அதையே சாக்காக வைத்து, யாரும் தொடக்கூடாது என்று மொத்த வண்டியையும் பூட்டி விற்பது அநியாயம். இந்த வண்டிகளில் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குள் இருக்கிற ஹால் சென்சார், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்கிற, மூன்று கால் உள்ள பொடிச் சாமான், அது கெட்டால் வண்டி உதறும். சக்கரத்தைப் பிரித்து அதை மட்டும் மாற்றத் தெரிந்தவர் இருக்கும்போது மோட்டாரோடு புதுச் சக்கரம் வாங்கு என்றால் கூலி வேலை செய்கிறவன் எங்கே போவான்?

என் வண்டியின் வயர்கள் எந்த நிறம் எங்கே போகிறது என்று ஸயா ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் வரைந்து பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கம்பெனி கொடுத்திருக்க வேண்டிய படம் அது, அவர் இரண்டு நாள் உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்தது. அடுத்த முறை வண்டிகளை ஒப்பிட்டு எழுதும்போது, வயரிங் படம் தருவார்களா, உதிரி பாகங்களை வெளிப் பட்டறைக்கு விற்பார்களா என்று அந்தக் கம்பெனிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெகு, பர்மா