வான்கோழி குஞ்சுக்கு கறிக்கோழி தீவனம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வான்கோழி வளர்ப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா அதுல ஒரு வரி மட்டும் ரெண்டு நாளா மனச உறுத்திக்கிட்டே இருக்கு. தனி தீவனம் கிடைக்கலன்னா குஞ்சுங்களுக்கு கறிக்கோழி ஸ்டார்ட்டரே (கறிக்கோழி குஞ்சுக்கு ஆரம்பத்துல போடுற தீவனம்) போதும்னு போட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு இத திருத்தி போடுங்க. அத நம்பி முதல் தடவ குஞ்சு எடுக்குறவங்க கஷ்டப்படுவாங்க, நான் அப்படி பட்டவன்.

என் முதல் பேட்ச்ல நானும் அதத்தான் போட்டேன். பொரிச்சு வந்தப்போ ஒவ்வொண்ணும் 50, 60 கிராம், எல்லாம் ஒரே சைஸ். மூணாவது வாரம் பாத்தா பாதி குஞ்சு வளராம அப்படியே நிக்குது, றெக்கையில இறகு அங்கங்க இடைவெளி விட்டு முளைச்சிருக்கு, கையில எடுத்து நெஞ்ச தடவுனா நடு எலும்பு கத்தி மாதிரி தட்டுப்படுது. தீவனத் தட்டு எப்பவும் நிறைஞ்சுதான் இருந்துச்சு. நோய்தான்னு நெனச்சு மருந்து வாங்கி தண்ணியில கலந்து குடுத்தேன், ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் வந்த டாக்டர் குஞ்ச ஒரு நிமிஷம்தான் பாத்தாரு, உடனே தீவன மூட்டையோட லேபிள எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 1994ல போட்ட அட்டவணைய எடுத்து பாத்தாலே புரியும். கறிக்கோழி குஞ்சுக்கு முதல் 3 வாரம் புரதம் 23 சதவீதம், லைசின் (புரதத்த கட்டுற அமினோ அமிலங்கள்ல ஒண்ணு) 1.1 சதவீதம். வான்கோழி குஞ்சுக்கு முதல் 4 வாரம் புரதம் 28, லைசின் 1.6, மெத்தியோனின் 0.55, திரியோனின் 1 (இதுங்களும் அமினோ அமிலந்தான்). லைசின்ல மட்டும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. போதாததுக்கு கறிக்கோழி தீவனத்துல எனர்ஜி வேற ஜாஸ்தி, எனர்ஜி கூடுனா குஞ்சு தின்னுறது குறையும், அப்போ உள்ள போற லைசின் இன்னும் கம்மியாயிடும்.

சரி, புரதத்த ஏத்திட்டா ஆச்சேன்னு கேப்பாங்க. நானும் அதையும் செஞ்சு பாத்தேன், கடலைப் புண்ணாக்க அள்ளி கலந்தேன். கடலைப் புண்ணாக்குல லைசினும் கம்மி, மெத்தியோனினும் கம்மி. பூ கூடை கூடையா இருந்தாலும் நார் தீந்துட்டா மாலை அதோட நின்னுபோகும் இல்லையா, அதே கதைதான். மக்காச்சோளம் சோயா கலவையில முதல்ல பத்தாம போறது மெத்தியோனின், அதுக்கப்புறம் லைசின், பிறகு திரியோனின். ஏதாவது ஒண்ணு குறைஞ்சாலும் மிச்ச அமினோ அமிலத்த வெச்சு உடம்பால சதை கட்ட முடியாது, சேத்து வைக்கவும் முடியாது, அதுல இருக்குற நைட்ரஜன் யூரிக் அமிலமா எச்சத்துல போயிடும். அத வெளிய தள்ள குஞ்சு தண்ணி நிறைய குடிக்கும், கீழ விரிச்ச உமி நனைஞ்சு அமோனியா நாத்தம் கண்ண எரிக்கும், பாதத்துல புண்ணு வரும். இவ்வளவும் என் கொட்டகையில நடந்துச்சு.

லைசின் முக்கியமா நெஞ்சு சதைக்கு. வெண்கல நிறத்து வான்கோழில இது குறைஞ்சா றெக்கை இறகுல வெள்ளையா பட்டை விழும், கண்ணாலயே பாக்கலாம். இறகு கெட்டியா வர சிஸ்டின்ங்கிற அமினோ அமிலம் வேணும், அத மெத்தியோனின்ல இருந்து உடம்பு செஞ்சுக்கும், ஆனா சிஸ்டின திருப்பி மெத்தியோனினா மாத்த முடியாது. அதனால மெத்தியோனின் குறைஞ்சா இறகும் போச்சு வளர்ச்சியும் போச்சு. அதுக்காக கண்ணளவுல அள்ளி போட்டுறாதீங்க, மெத்தியோனின் ஜாஸ்தியானா குஞ்சு தீவனத்தையே ஒதுக்கும். லைசின் அளவுக்கு மீறுனா ஆர்ஜினின்ங்கிற இன்னொரு அமினோ அமிலத்தோட தேவை ஏறிடும், பறவைங்க உடம்புல ஆர்ஜினின் தானா உற்பத்தி ஆகாது, தீவனத்துல இருந்துதான் வரணும். சோயா புண்ணாக்கையும் பாத்து வாங்கணும், அளவுக்கு மேல வறுபட்டிருந்தா அதுல இருக்குற லைசின் இருந்தும் குஞ்சுக்கு கிடைக்காது.

அடுத்த பேட்ச்ல வான்கோழி ஸ்டார்ட்டர் கணக்குப்படி தீவனம் கலந்து, லைசினும் மெத்தியோனினும் தராசுல நிறுத்து போட்டேன். அதே கொட்டகை, குஞ்சுக்கு சூடு குடுக்குற அதே புரூடர். மூணாவது வாரம் கையில எடுத்தா நெஞ்சு எலும்பு உள்ள புதைஞ்சு ரெண்டு பக்கமும் சதை உருண்டையா நின்னுச்சு.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையில புரத சதவீதத்தோட நிறுத்தாம, வயசு வாரியா லைசின், மெத்தியோனின் அளவையும் ஒரு பெட்டி கட்டி போடுங்க. 4 வாரத்துக்கு மேல புரதம் 26, லைசின் 1.5, 8 வாரத்துக்கு மேல 22, 1.3ன்னு இறங்கிக்கிட்டே வரும். தீவன மூட்டை லேபிள்ல இந்த ரெண்டையும் அச்சடிக்கணும்னும் உங்க பேப்பர்ல எழுதுங்க, வாங்குற ஆளுக்கு அது தெரியாம எப்படி பாத்து வாங்குறது?

இப்படிக்கு,
வான்கோழி வளர்க்கும் வாசகன்