இணைய நிறுத்த ஆணைகளை மறு ஆய்வு செய்யும் குழுவுக்கு வெளி வல்லுநர்களை ஆலோசகர்களாக நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கணினி வலையமைப்புப் பாட ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: இணையச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தும் ஆணைகளை மறு ஆய்வு செய்யும் மாநிலக் குழுவுக்கு, அரசுப் பணியில் இல்லாத துறை வல்லுநர்களை ஆலோசகர்களாக நியமிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒரு மாவட்டத்தில் இணையத்தை நிறுத்தும்படி உள்துறைச் செயலாளர் ஆணையிட்டால், அது சரிதானா என்று ஐந்து நாளில் கூடிப் பார்க்க வேண்டிய குழுவுக்குத் தாங்களே தலைவர். சட்டத் துறைச் செயலாளரும் உள்துறை அல்லாத வேறொரு துறையின் செயலாளரும் உறுப்பினர்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளில் இருந்த இந்த அமைப்பை, 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் தொடர்கின்றன. ஆணையிடுபவரும் அரசுச் செயலாளர், அதை ஆராய்பவர்களும் அரசுச் செயலாளர்கள். அவர்களுடைய நேர்மையில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் வலையமைப்பு எப்படி இயங்குகிறது, எதை நிறுத்தினால் எது நிற்கும் என்று தெரிந்தவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. அந்தக் குறையை மாநில அரசே நீக்க முடியும் என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததைத் தொடர்ந்து, மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த ஆணை வந்தது. வதந்தி பரவுவதைத் தடுப்பது நோக்கம். அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மே 23 அன்றுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாயின. அந்த ஆண்டுதான் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் கலந்தாய்வை முதன்முறையாக இணையவழிக்கு மாற்றியிருந்தது. அதற்கான பதிவு மே மாதம் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் வாரம் அது. கல்லூரி உதவி மையங்களின் இணைப்பை மட்டுமாவது விட்டுவைக்கலாமா, மூன்று மாவட்டங்களும் தேவையா, தூத்துக்குடி நகரத்துக் கோபுரங்கள் மட்டும் போதாதா என்ற கேள்விகளை உரிய நேரத்தில் உரிய இடத்தில் எழுப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஆலோசகரைத்தான் கேட்கிறேன்.

காஷ்மீர் இணைய நிறுத்தத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் அனுராதா பசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தக் கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும், கட்டுப்பாடு தேவைக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று கூறியது. முதல் மறு ஆய்வோடு நிற்காமல், ஏழு வேலை நாளுக்கு ஒருமுறை மீண்டும் ஆராய வேண்டும் என்றும் சொன்னது. தேவைக்கு மிகாத கட்டுப்பாடு எது என்று தீர்மானிக்க, வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். அது சட்டப் புத்தகத்தில் கிடைக்காது.

கைபேசிக் கோபுரத்தின் அலைக்கு வருவாய் வட்டத்தின் எல்லை தெரியாது. ஒரு வட்டத்தில் நிறுத்தினால் பக்கத்து வட்டத்து ஊர்களும் அடங்கும். எல்லையோரத்தில் நிறுத்தப்பட்ட ஊரிலேயே பக்கத்துக் கோபுரத்தின் அலை கிடைத்துக்கொண்டும் இருக்கும். கடைகளில் உள்ள அட்டை தேய்க்கும் கருவிகள் பலவும், ஏ.டி.எம். இயந்திரங்கள் சிலவும், ரேஷன் கடையின் விற்பனை முனையக் கருவியும் சிம் அட்டையை நம்பி இருப்பவை. கைபேசி இணையத்தை மட்டும்தான் நிறுத்துகிறோம் என்று நினைத்து ஆணையிடும்போது இவையும் சேர்ந்து நிற்கின்றன. கடலுக்குப் போகும் மீனவர்களுக்குக் காற்று, அலை எச்சரிக்கைகள் இன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் வந்து சேர்கின்றன. கரையோர மாவட்டத்தில் எந்த மாதத்தில் இணையத்தை நிறுத்துகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தடுப்பது இன்னொரு வழி. ஆனால் தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என். செயலியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் அதைத் தாண்டிவிடுவார். தெரியாத மூதாட்டிதான் மாட்டிக்கொள்வார். இந்தச் சங்கடங்களுக்கு ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு முறையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தொழில்நுட்பம் தெரிந்தவரைக் கேட்காமல் எடுத்த முடிவு என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீர் சாட்சி. 2019 ஆகஸ்ட் 5 முதல் நிறுத்தப்பட்டிருந்த இணையத்தை 2020 ஜனவரியில் திரும்பக் கொடுத்தபோது, அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் ஒன்றை அங்குள்ள நிர்வாகம் வெளியிட்டது. முதலில் 153 தளங்கள், பிறகு 301. இன்றைய இணையத்தளங்களில் பெரும்பாலானவை ஒரே சேவையகத்திலிருந்து வருவதில்லை. படம் ஓரிடத்திலிருந்தும், உள்நுழைவு இன்னோர் இடத்திலிருந்தும், பணம் கட்டும் பக்கம் மூன்றாவது இடத்திலிருந்தும் வரும். முகப்பின் பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்தால் பக்கம் பாதியில் நிற்கும்; அங்கே அப்படித்தான் நின்றது. எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களே இதை முன்கூட்டிச் சொல்லியிருப்பார்கள். மணிப்பூரில் நேர்மாறாக நடந்தது. 2023 ஜூலையில் அம்மாநில உயர் நீதிமன்றம், நிபுணர் குழு வகுத்த பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, நிறுவனங்கள் தமக்கென வாங்கும் குத்தகை இணைப்புகளையும் வீடுகளின் கண்ணாடி இழை இணைப்புகளையும் திறந்துவிடச் சொன்னது. மே மாதத் தொடக்கத்திலிருந்து மூடிக்கிடந்த கதவு சற்றேனும் திறந்ததில் வல்லுநர்களுக்குப் பங்கு உண்டு.

இது என் சொந்த யோசனையும் இல்லை. தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, இணைய நிறுத்தம் பற்றி 2021 டிசம்பரில் அளித்த 26-ஆவது அறிக்கையில், மறு ஆய்வுக் குழு பெரும்பாலும் நிர்வாகத் தரப்போடு நின்றுவிடுவதைச் சுட்டிக்காட்டி, ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற அரசு சாராதவர்களையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. மூன்றாண்டு கழித்து விதிகளைத் திருத்தி எழுதியபோதும் அந்தப் பரிந்துரை இடம்பெறவில்லை. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய விவகாரத்தில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேராசிரியர்களைக் கொண்ட தொழில்நுட்பக் குழுவை அமைத்து, அதை ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் வைத்தது. நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட செய்தியிலேயே வெளியாட்களை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க முடிந்திருக்கிறது.

ஆலோசகர் ஒருவரை மட்டும் நியமித்துவிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. முடியும் என்றார் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி. அந்த வழி பயன் தராது, பயனாளரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும் என்று ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் எழுத்து மூலம் மறுத்தார். இருவருமே தேர்ந்த அறிஞர்கள். அவர்களில் ஒருவரை மட்டும் கேட்டிருந்தால், விவாதத்துக்குரிய ஒரு கருத்து முடிந்த முடிவாகப் பதிவாகியிருக்கும். வல்லுநர்கள் முரண்படும் இடத்தில்தான் முடிவெடுப்பவருக்கு உண்மையான வெளிச்சம் கிடைக்கிறது.

அவசரத்தில் இவர்களை எங்கே கூப்பிட்டுக்கொண்டிருப்பது என்ற கேள்வி நியாயமானது. உள்துறைச் செயலாளர் உடனடி ஆணை பிறப்பிப்பதில் இவர்களுக்கு எந்த வேலையும் வேண்டாம். மறு ஆய்வுக்கு முன் உள்ள அந்தச் சில நாளில் இவர்கள் எழுத்து மூலம் கருத்துத் தந்தால் போதும். உளவுத் தகவல் வெளியே போய்விடுமோ என்ற தயக்கத்துக்கு, இரகசியக் காப்பு உறுதிமொழி வாங்கலாம். கோபுரம், இணைப்பு, சேவை பற்றிய விவரங்களை மட்டும் அவர்களிடம் காட்டலாம். மத்திய விதி குழுவின் உறுப்பினர்களைத்தான் வரையறுக்கிறது. குழு பிறரிடம் ஆலோசனை கேட்பதற்கு அதில் தடையில்லை என்பது என் புரிதல். வாக்குரிமை இல்லாத ஆலோசகர்களுக்கு ஓர் அரசாணை போதும்.

ஆகவே, ஐந்து பேருக்குக் குறையாத ஆலோசகர் பட்டியல் ஒன்றை மூன்றாண்டு காலத்துக்கு அரசாணை மூலம் அமைக்க வேண்டுகிறேன். அதில் களத்தில் கோபுர வலையமைப்பை நடத்தி அனுபவம் பெற்ற பொறியாளர், கணினிப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சியாளர், அரசியல் சட்டம் அறிந்த வழக்கறிஞர் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி, அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர், மாவட்ட வணிகத்தையும் வங்கி நடைமுறையையும் அறிந்த ஒருவர் ஆகியோர் இருக்கட்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமோ, சமூக ஊடக நிறுவனங்களிடமோ, காவல் துறைக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்களிடமோ ஊதியம் பெறுபவர்கள் வேண்டாம். ஒவ்வொரு மறு ஆய்விலும் குறைந்தது இருவரின் கருத்தாவது கோப்பில் ஏற வேண்டும். குழு அதை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரியாவது எழுதப்பட வேண்டும். மறு ஆய்வு முடிவை வெளியிடும்போது, பாதுகாப்புக்கு ஊறு செய்யும் பகுதிகளை நீக்கிவிட்டு, அந்தக் கருத்துகளையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

கூடவே, நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைப்படி மறு ஆய்வுக் குழுவின் உறுப்பினர் அமைப்பையே திருத்துமாறு மத்திய தொலைத்தொடர்புத் துறைக்குத் தமிழ்நாடு அரசின் சார்பில் எழுதவும் வேண்டுகிறேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: தூத்துக்குடி

நகல்: உள்துறைச் செயலாளர், சட்டத் துறைச் செயலாளர், தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறைச் செயலாளர்.