நான்கு ரோட்டில் வண்டி எண்ணியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தருமபுரி நகருக்குப் புதுத் திட்டம் வகுக்க நீங்கள் ஆய்வு நடத்துவது ஊருக்கே தெரியும். நான்கு ரோட்டில் கேமரா கட்டி வண்டிகளை எண்ணினீர்கள். அப்புறம் உங்கள் ஆட்கள் படிவத்தோடு பேருந்து நிலையம் பக்கம் வந்தார்கள். அங்கே நடந்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பூ விற்கும் ஒரு அம்மாவிடம் முதல் கேள்வி: "சொந்த வண்டி இருக்கா?" இல்லை என்றார். படிவத்தில் மீதி இருந்ததெல்லாம் வண்டியைப் பற்றிய கேள்விகள். தம்பி தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்த தாளைத்தான் அவர் நிரப்ப முடியும்.

அந்த அம்மா பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். இருட்டோடு வந்து சாமந்தியும் கனகாம்பரமும் வாங்கிச் சாக்கை விரித்தால் மதியம் வரை எழுந்திருக்க முடியாது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும். அது பூவில் தெளிக்க. அவர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போகணும். அது பாதி நாள் பூட்டிக் கிடக்கும், திறந்திருந்தால் காசு கேட்பார்கள், எழுந்து போனால் பூவை யார் பார்ப்பது? "கோடையில மூத்திரம் எரியுது கண்ணு, என்ன பண்றது?" என்று என்னிடம் சொன்னார். உங்கள் படிவத்தில் இதற்கு இடம் எங்கே?

வண்டி எண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது பெண்கள் நெருக்கியடித்து வரும் டவுன் பஸ்ஸும் உங்கள் தாளில் ஒரு வண்டிதான். ஊரை அறிய வேறு வழிகளும் உண்டு. 1914-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ், திட்டம் போடும் முன் தெருத்தெருவாக நடந்து பார்க்கணும் என்றார். அமெரிக்காவில் கெவின் லிஞ்ச் என்ற நகரத் திட்ட அறிஞர், பாஸ்டன் மக்களிடமே அவர்கள் ஊரை நினைவிலிருந்து வரையச் சொன்னார். இந்த அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தால் எந்த இடத்தில் எத்தனை மணி வரை நிழல், எந்தக் குழாயில் தண்ணீர், எந்தக் கதவு பூட்டு என்று எல்லாம் வந்திருக்கும். அதனால் கேட்கிறேன்: வரைவை முடிக்கும் முன் இவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எங்களைக் கேட்காமல் விடுவது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. குடிக்கும் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு உப்பால் பிள்ளைகளின் பல்லில் கறை ஏறி, பெரியவர்களுக்கு முட்டி மடங்காமல் போய், தலைமுறைகள் கழிந்த பிறகுதான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எங்கள் உடம்பு அத்தனை வருஷமாகச் சொன்னதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. திட்டம் எப்போதும் எங்கோ ஓர் அறையில் முடிவாகி வருகிறது, நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, இந்த ஆய்வுக்கே வருகிறேன். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், சாலையோர வியாபாரம் பற்றி ஆலோசனை சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்களைக் கேட்பது நீங்கள் காட்டும் சலுகை அல்ல.

தயவுசெய்து வரைவை முடிக்கும் முன் ஒரு விடியற்காலை, முதல் பஸ் வரும் நேரத்துக்கு வாருங்கள். இரவுக் கடைகள் மூடும் நேரத்துக்கும் ஒரு முறை வாருங்கள். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, உட்கார்ந்து பேசுங்கள். வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாளாக மட்டும் இருக்க வேண்டாம், அன்றைக்குப் பூக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
தருமபுரி நகரவாசி ஒருத்தி