காலாவதியான காப்புரிமைப் படங்களைத் தமிழில் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தில் பழைய காப்புரிமை (பேட்டன்ட்) ஆவணங்களில் இருக்கும் கருவிப் படங்களைத் தமிழில் விளக்க வாரம் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். 1900-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வயலுக்கு, சமையலறைக்கு, பட்டறைக்கு என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கருவிகளுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அத்தனையும் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் படங்களைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு பைசா கொடுக்க வேண்டாம். இணையத்தில் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் என்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தமிழில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் நம் ஊர் லேத் பட்டறைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் அவை இருப்பதே தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் விளை வைத்திருக்கும் என் உறவினர் ஒருவரின் ஷீட் ரோலரில், அதாவது உறைந்த ரப்பர் பாலை அழுத்தி ஷீட் ஆக்கும் மெஷினில், பல் சக்கரம் தேய்ந்து போனது. விற்ற கடையில் கேட்டால், அந்தப் பாகம் தனியாகக் கிடைக்காது, முழு மெஷினையே மாற்ற வேண்டும், வெளியில் செய்யவும் கூடாது, இது பேட்டன்ட் ஆன மெஷின் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் லேத் பட்டறைக்காரர், அரைநாளில் கடைந்து கொடுத்துவிடக் கூடியவர், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் கையை விட்டுவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். தகட்டில் ‘பேட்டன்ட்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது, எண் எதுவும் இல்லை. இரண்டு உருளை, ஒரு கைப்பிடி, இரண்டு பல் சக்கரம், இடைவெளியைக் கூட்டிக் குறைக்க மேலே இரண்டு திருகு, அவ்வளவுதான் அந்த மெஷின். துணி பிழியவும் மாவு தேய்க்கவும் நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் பயன்படுத்தி வரும் அமைப்பு. காப்புரிமை என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் அதற்கு எண் இருக்கும், அந்த எண்ணை வைத்துத் தேடினால் யாருடையது, எந்தத் தேதியில் கொடுத்தது, உயிரோடு இருக்கிறதா எல்லாமே தெரிந்துவிடும். இந்தியாவில் இப்போது காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம், அதுவும் வருடாந்திரக் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டி வந்தால்தான். இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்லி விற்பது நம் சட்டப்படி அபராதத்துக்குரிய காரியம். இது நம் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பல் சக்கரம் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

சரி, அந்தப் பழைய ஆவணங்கள் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்கக் காப்புரிமை எண் 7,43,801. கொடுத்த நாள் 1903 நவம்பர் 10. வாங்கியவர் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன். குளிர்காலத்தில் நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனபோது, முன்கண்ணாடியில் பனி படிந்து ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிக் கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி, அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஒரு கருவிக்கு, அதாவது இன்றைய வைப்பருக்கு, படம் போட்டார். வெளியே கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டை வைத்த ஒரு கை, உள்ளே ஓட்டுநர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நெம்புகோல், பட்டை கண்ணாடியை விட்டு விலகாமல் அழுத்திப் பிடிக்க ஓர் அமைப்பு. மழை பனி இல்லாத காலத்தில் கழற்றி வைத்துக் கொள்ளலாம். படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அடையாளம், அடுத்த பக்கத்தில் அந்தந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று வரிவரியாக விளக்கம், கடைசியில் ‘இதற்குத்தான் நான் உரிமை கேட்கிறேன்’ என்று எண்ணிட்டு எழுதிய பகுதி. இதே அமைப்பில்தான் எல்லா ஆவணங்களும் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த பையன் படத்தை மட்டும் பார்த்தாலே பாதி புரிந்துவிடும், மீதியைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். அந்த அம்மாவுக்கு அதில் காசு எதுவும் வரவில்லை. 1905-இல் ஒரு கனடா நிறுவனம் இதற்கு வியாபார மதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 வருஷம் முடிந்து 1920-இல் உரிமையும் போனது, அதற்கப்புறம்தான் கார்கள் பெருகி வைப்பர் எல்லா வண்டியிலும் வந்தது. நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், ஆரல்வாய்மொழி சாலையில் அடைமழையில் பஸ் ஓட்டுகிற டிரைவருக்கு இந்தக் கதையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார் என்று நம்புகிறேன்.

இன்னொருவர் ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர். ஓஹியோ மாநிலத்தில் ஒரு கடையில் தரை பெருக்கும் வேலை, ஆஸ்துமா வேறு. துடைப்பக் கம்பு, சோப்புப் பெட்டி, மின்விசிறி மோட்டார், ஒரு தலையணை உறை, இவற்றைச் சேர்த்துத் தூசி உறிஞ்சும் கருவி செய்தார், 1908-இல் காப்புரிமை கிடைத்தது. ஹூவர் குடும்பம் அதை வாங்கித்தான் பெரிய கம்பெனி ஆனது. இவர்கள் யாரும் பெரிய விஞ்ஞானிகள் இல்லை என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வீட்டிலும் வேலை செய்கிற இடத்திலும் படுகிற அவஸ்தையைப் பார்த்து, அதற்குப் படம் வரைந்தவர்கள்.

நம் மாவட்டத்துக்கு இந்தக் காப்புரிமைக் கதையில் நேரடிப் பங்கே இருக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராதது எனக்கு எப்போதும் வருத்தம். பெட்ரோமாக்ஸ் விளக்கை எடுத்துக் கொள்ளுங்கள். கோவில் கொடை, கல்யாண ஊர்வலம், திருவிழாச் சப்பரம், இருட்டில் மீன் ஏலம் எல்லாமே ஒரு காலத்தில் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. அதற்குள் தொங்குகிற வெள்ளைப் பை, மேண்டில், அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக். 1885-இல் அவர் வாங்கிய முதல் காப்புரிமையின் மேண்டில் பச்சை கலந்த வெளிச்சம் கொடுத்தது, ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1891-இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்று கலவையை மாற்றினார், கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் வந்தது. பருத்தி நூல் பையை அந்த உப்புக் கரைசலில் நனைத்துக் காய வைப்பார்கள். முதல் தடவை பற்ற வைத்ததும் நூல் எரிந்துபோய், பையின் வடிவத்திலேயே சாம்பல் கூடு மட்டும் நிற்கும். எரிந்த மேண்டிலை விரலால் தொட்டால் பொடிந்து விழுவது அதனால்தான். 1910 வாக்கில் பெர்லினில் இருந்த எர்ரிச் அண்ட் கிரெட்ஸ் நிறுவனம் மண்ணெண்ணெயைப் பம்ப் அடித்து ஆவியாக்கி எரிக்கிற விளக்கில் இந்த மேண்டிலைப் போட்டு பெட்ரோமாக்ஸ் என்று விற்றது.

தோரியம் என்ற அந்த உலோகத்தைப் பிரித்தெடுக்க மோனசைட் மணல் வேண்டும். அன்றைக்கு அது பிரேசிலில் இருந்துதான் பெருமளவில் போய்க் கொண்டிருந்தது. திருவிதாங்கூரில் இருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதை 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுகொண்டார். அதைப் பின்தொடர்ந்து வந்து சேர்ந்த இடங்களில் முக்கியமானது நம் மணவாளக்குறிச்சி, கொஞ்ச காலத்திலேயே மணலைப் பிரிக்கும் ஆலையும் இங்கே வந்துவிட்டது. முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் கை விலகி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நம் கடற்கரை மண் கப்பலேறி, காப்புரிமை பெற்ற சரக்காக மாறி, நம்மூர்க் கல்யாண வீட்டுக்கே விலைக்கு வந்தது. மண் நம்முடையது, கயிறு திரித்தவர்கள் நம் பெண்கள், படம் வரைந்து எண் வாங்கியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். மணல் எடுப்பதால் கரைக்கும் ஜனங்களின் உடம்புக்கும் என்ன ஆகிறது என்ற கேள்வி இன்றும் தீராமல் இருக்கிறது, அதைத் தனியாகவே எழுத வேண்டும். தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதால் மேண்டில்களில் பின்னாளில் அதற்குப் பதிலாக இட்ரியம் என்ற வேறு உலோகத்தைச் சேர்க்க ஆரம்பித்தார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மார்த்தாண்டம் தேன் கதையும் இப்படித்தான், ஆனால் கொஞ்சம் சந்தோஷமான கதை. தேனீ அடை கட்டும் மரச்சட்டங்களைத் தனித்தனியாக வெளியே எடுக்கிற தேன் பெட்டிக்கு அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1852-இலேயே காப்புரிமை வாங்கினார். அதன் சூட்சுமம் ஓர் இடைவெளி. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் சுமார் கால் அங்குலத்தில் இருந்து எட்டில் மூன்று பங்கு (3/8) அங்குலம் வரை விட்டால், தேனீக்கள் அங்கே அடையும் கட்டாது, பிசினால் அடைக்கவும் செய்யாது, சட்டம் ஒட்டாமல் கையோடு வரும். உரிமை மீறலைத் தடுக்க முடியாமல் லாங்ஸ்ட்ராத் நொந்து போனார், பெட்டி மட்டும் உலகம் முழுக்கப் பரவியது. 1910 வாக்கில் திருச்சிப் பகுதியில் நியூட்டன் பாதிரியார் நம் இந்தியத் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்துக்கும் ஏற்றபடி அதைச் சிறிதாக்கி, பலருக்குக் கற்றும் கொடுத்தார். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹேட்ச் தொடங்கிய கிராம மேம்பாட்டு வேலையில் தேனீ வளர்ப்பு ஊரூராகப் போனது. இன்றும் ரப்பர் மரம் துளிர்க்கிற காலத்தில் எத்தனை குடும்பங்களின் கையில் காசு புழங்குவது அந்தப் பெட்டியால்! ஒரு கருவியின் படம் சரியான கைக்கு வந்து, அந்த ஊருக்கு ஏற்றபடி அளவு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அரிசி ஆலையில் நெல்லின் உமியை நீக்கும் ஹல்லரும் அப்படி வந்ததுதான். பிரேசிலில் காப்பிக்கொட்டைத் தோல் உரிக்க எங்கெல்பர்க் என்பவர் 1880-களில் செய்தது, அப்புறம் அமெரிக்காவில் சிராகியூஸ் நகரில் தயாராகி நெல்லுக்கு வந்து சேர்ந்தது. அரிசி நொறுங்குகிறது, உமியும் தவிடும் கலந்தே விழுகிறது என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் சின்ன ஊருக்குச் சின்ன மில் என்ற வசதியைக் கொடுத்தது அதுதான்.

இப்போது எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கைச் சீவிக் காயப்போட நம் வீட்டுப் பெண்கள் இன்னும் கத்தியைத்தான் நம்பியிருக்கிறார்கள், விரல் வெட்டுப்படாத கை குறைவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாட்டுக்குக் கிழங்கு சீவிப் போட, மேலே கொட்டும் தொட்டியும் பக்கவாட்டில் கத்தி பதித்த சுழல் தட்டும் கைச்சக்கரமும் வைத்த கருவிகளுக்கு ஏகப்பட்ட காப்புரிமைகள் இருக்கின்றன. வெல்டிங் பட்டறையில் பழைய இரும்பை வைத்தே செய்யக் கூடியவை. இதே மாதிரி கதிர் உதிர்க்க, வைக்கோல் நறுக்க, நார் பிரிக்க, மரம் ஏற, கிணற்று நீர் இறைக்க என்று எவ்வளவோ. எல்லாவற்றையும் அப்படியே செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் கைக்குப் பாதுகாப்பு கிடையாது, சுற்றுகிற பாகத்துக்கு மூடி இருக்காது, சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருப்பார்கள். பிரஷர் சம்பந்தப்பட்டதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. நீங்கள் வெளியிடும்போது ஒவ்வொன்றிலும் எதை மாற்ற வேண்டும் என்று ஓர் இயந்திரவியல் ஆசிரியரைக் கேட்டு எழுத வேண்டும். கோணத்தில் பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் வாரம் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் விளக்க, ஆசிரியர்கள் சரிபார்த்துக் கொடுத்தால் உங்கள் நிருபருக்கு வேலையே இல்லை.

புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. கல்லூரிகளில் இப்போது காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் ஆர்வம் அதிகமாகிவிட்டது, நல்லதுதான், ஆனால் 1912-இலேயே யாரோ வரைந்து வைத்ததை நாம் புதிது என்று கொண்டு போனால் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனையில் விழுந்துவிடும். முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். உண்மையிலேயே புதிதாக இருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கும் பத்திரிகையில் படம் வருவதற்கும் முன்னால் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், வெளியே தெரிந்த பிறகு போட்டால் அதுவே தடையாகிவிடலாம். தனிநபருக்கு இணைய வழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரம் தயாராகாவிட்டால் தற்காலிக விவரத்தைக் கொடுத்துவிட்டு 12 மாதத்துக்குள் முழுதாகக் கொடுக்கலாம். காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. உங்கள் நிருபர்கள் கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி எழுதும்போது, ‘விண்ணப்பித்துவிட்டீர்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியிட்டால் அவர்களுக்குப் பெரிய உபகாரம்.

முதல் வாரத்துக்கு மரச்சீனி சீவும் கருவியை எடுத்துக் கொள்ளுங்கள், கிழங்கு அறுவடைக்கு முன்னால் வந்தால் யாராவது ஒரு பட்டறையில் செய்து பார்த்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் விளக்கத்தைத் தமிழில் எழுதித் தர நான் தயார், பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
தக்கலை.