ஏழு ஆண்டுகள் காத்திருந்த ஆட்டக்காரர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், உன் வீட்டார் அனைவரின் நலமறிய ஆவல். அக்கரைப்பற்றிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. துடுப்பாட்டத்திலும் அரைகுறை, பந்துவீச்சிலும் அரைகுறை என்று சொல்லி மகனை அணியில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்றும், அவன் மட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான் என்றும் வாசித்தபோது மிகவும் வருந்தினேன். உடனே எனக்கு இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ரொபின் சிங்கின் நினைவு வந்தது.

நீயும் மறந்திருக்கமாட்டாய். 1998 தைப்பொங்கல் கழிந்த சில நாட்களில், டாக்காவில் நடந்த சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டியை உங்கள் வீட்டு வானொலியருகே குந்தியிருந்து கேட்டோம். பாகிஸ்தான் 48 ஓவர்களில் 314 ஓட்டங்களைக் குவித்திருக்க, வழமையாகப் பின்வரிசையில் ஆடும் அவரை மூன்றாவதாக அனுப்பினார்கள். கங்குலியுடன் அவர் சேர்த்த 179 ஓட்டங்களில் தன் பங்குக்கு 82 ஓட்டங்களை எடுத்துக் கொடுக்க, ஒரு பந்து மீதமிருக்கையில் இந்தியா வென்றது. நம் இலங்கை அணிக்கோ அவர் பொல்லாத எதிரி. 1997இல் குவாஹாட்டியில் 22 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள், 1999 உலகக் கிண்ணத்தில் டோன்டனில் 31 ஓட்டங்களுக்கு 5. ஒருநாள் போட்டிகளில் அவர் பெற்ற ஒரே சதமும் கொழும்பில் நமக்கெதிராகத்தான்.

1963இல் டிரினிடாட்டில் பிறந்து, படிப்பதற்காகச் சென்னைக்கு வந்து, 1987-88இல் இந்தியாவின் உள்ளூர்ப் போட்டியான ரஞ்சிக் கிண்ணத்தை வென்ற தமிழ்நாட்டு அணியில் ஆடிய அவருக்கு, 1989இல் இந்திய அணியில் கிடைத்தவை இரண்டே ஒருநாள் போட்டிகள். அடுத்த அழைப்பு 1996இல் வந்தபோது வயது முப்பத்து மூன்று. இதை மகனுக்கு நீ நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த ஏழு ஆண்டுகளும் உள்ளூர்ப் போட்டிகளிலேயே ஆடி, பலர் ஓய்வை நினைக்கும் வயதில் திரும்பி வந்து, மொத்தம் 136 ஒருநாள் போட்டிகளில் 2336 ஓட்டங்களும் 69 விக்கெட்டுகளும் பெற்றார். டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1998இல் ஹராரேயில்.

அந்த எண்களுக்குள் அடங்காதது அவருடைய களத்தடுப்பு. தன்னைவிடப் பத்து வயது இளையவர்களுக்கு முன்னால் பாய்ந்து விழுந்து ஓட்டங்களைத் தடுத்தவர் அவர். பின்னாளில், 2007 முதல் 2009 வரை, இந்திய அணி அவரைக் களத்தடுப்புப் பயிற்றுவிப்பாளராக வைத்துக்கொண்டது முற்றிலும் பொருத்தமென்றே நான் கருதுகிறேன். 2007 டி20 உலகக் கிண்ணம் அந்தக் காலத்தில்தான் கிடைத்தது. மும்பை ஐபிஎல் அணியுடனும் பல ஆண்டுகள் பணியாற்றினார். துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு என்று மூன்று வேலைகளையும் செய்து இடத்தைத் தக்கவைத்தவருக்கு, அணியில் எவன் எதற்குத் தடுமாறுகிறான் என்பது சட்டென்று புரியும்.

சென்ற சனிக்கிழமை இங்கே மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக அடித்தது. உயர அடித்த பந்து கடல் பக்கமாக இழுபட, பையன்கள் ஒவ்வொருவராகத் தவறவிட்டார்கள். பந்துக்கு நேர்கீழே நிற்காமல் இரண்டடி கிழக்கே தள்ளி நின்று, கைகளை நெஞ்சுயரத்தில் வைத்திருக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் ஐந்தில் நான்கு பிடிகள் கைக்குள் வந்தன. உன் மகனுக்கு இந்தப் பழக்கம் வேண்டும். இரண்டு வேலையும் தெரிந்தவன் மூன்றாவதையும் கற்றால் அவனை எளிதில் ஒதுக்க முடியாது.

வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அனுப்பிவிடு. கல்லடிப் பாலத்துக்கு முந்திய தரிப்பில் இறங்கட்டும். நான் அங்கே நிற்பேன். கட்டிலுக்கடியில் கிடக்கும் மட்டையையும் மறக்காமல் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய விக்கெட் காப்பாளன்