‘வழவழப்பாக இருந்தால் போதும்’ என்ற அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ‘ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்லை) எலும்பாக்குவது மருந்து மட்டுமே, உள்ளே வைக்கும் உலோகம் வழவழப்பாக இருந்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திய எனக்கு அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

என் கீழ்த்தாடையில் செயற்கைப் பல்லைத் தாங்கும் டைட்டானியம் திருகு ஒன்று இருக்கிறது. வைப்பதற்கு முன் பாளையங்கோட்டையில் டாக்டர் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார். பளபளப்பே கிடையாது, மங்கிய சாம்பல் நிறம், நகத்தால் கீறினால் நறநறவென்றது. மணல்துகளை வீசி, அமிலத்தில் அரித்து, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்களாம். எலும்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று முறுக்கு கடிக்கிறேன்.

2007-லேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டால்பி என்ற ஆய்வாளரின் குழுவினர் பிளாஸ்டிக் பரப்பில் 120 நானோமீட்டர் அகலத்தில் குழிகள் போட்டுப் பார்த்தார்கள். தலைமுடிப் பருமனில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு! குழிகள் ஒழுங்கான வரிசையில் இருந்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொன்றையும் 50 நானோமீட்டர் வரை இடம் தள்ளிப் போட்டதும், எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள் எலும்புத் தாதுவை உண்டாக்கத் தொடங்கின. அதற்கென்று எந்த மருந்தும் சேர்க்கவில்லை. பத்தமடைப் பட்டுப்பாயா, சாதாரணக் கோரைப்பாயா என்று நம் விரல் தடவியே கண்டுகொள்வதுபோல, ஸ்டெம் செல்லும் தன் புரதங்களால் பரப்பைப் பிடித்துப் பார்க்கிறது. பிடி அமைவதைப் பொறுத்து உள்ளிருக்கும் இழைகள் இழுபடுகின்றன. அந்த இழுப்பு உட்கருவரை போய், எந்த மரபணு வேலை செய்வது என்பதையே மாற்றுகிறது. சொரசொரப்பு எல்லாம் ஒன்றல்ல, அளவும் அமைப்பும் முக்கியம் என்பதும் உண்மைதான். அதையாவது எழுதியிருக்கலாமே?

மருந்து மட்டுமே என்று நீங்கள் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே, முழங்கால் வலிக்கு ஸ்டெம் செல் ஊசி விளம்பரம். என் மைத்துனர் தென்காசிப் பக்கம் இருந்த வயலை விற்று இப்படியொரு ஊசி போட்டார். இன்றும் படி ஏற முடியவில்லை. ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும் என்று 2017-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. தங்களுக்குத் தெரியாததா? அப்புறம் ஏன் அந்த விளம்பரம்?

இதைப் பற்றி முன்பே எழுதினேன். தாமிரபரணியில் சாக்கடை கலப்பது பற்றியும் எழுதினேன். இரண்டும் வரவில்லை, அல்வாவைப் பற்றி எழுதியது மட்டும் வந்தது. வருத்தமாக இருக்கிறது ஐயா.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.