அந்தோணியாரைப் பெட்டி பெட்டியாகக் காத்த அக்காவுக்கு

பங்கு மக்களுக்கும் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

புயல் காற்றில் நொறுங்கிய கடல் பக்கத்துச் சன்னல், அந்தோணியாரின் வண்ணக் கண்ணாடிச் சன்னல், மறுபடி ஏறிவிட்டது. ஞாயிறு முதல் பூசைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸாப்பில் படம் வந்திருக்கும். அந்த இரவைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு வீட்டுக் கூரையே அன்றுதான் போனது. அதற்கு நடுவில் ஒரு சன்னலுக்காக அழுவது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் வேலை முடிந்தபிறகு நன்றி சொல்லாமல் ஊருக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

முதல் நன்றி ஒருவருக்கு. பெயர் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். "போட்டீன்னா இனிமே உன் வீட்டுக்கு மீனு கெடையாது" என்றார். அந்த அபாயத்துக்கு நான் தயாராக இல்லை. அக்கா என்றே எழுதுகிறேன். சனிக்கிழமை கோவில் பெருக்குவார், மற்ற நாள் காலையில் கூடையோடு நம் தெருக்களில் வருவார். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

செய்தி கேட்டு நான் சென்னையிலிருந்து கிளம்பியபோது எந்த நம்பிக்கையும் இல்லை. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைச் செய்து செப்பனிடுகிற எங்கள் தொழிலில் சன்னலைப் பாதி கொல்வது காற்று. மீதியைக் கொல்வது மறுநாள் காலை விளக்குமாறு. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஞாயிறு பூசை வருகிறது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும், சில்லுகளைக் கூட்டி அள்ளிக் கொட்டுவதுதான் நல்ல மனிதர்கள் செய்கிற காரியம். அதனால் பஸ்ஸில் வரும்போதே புதுக் கண்ணாடிக்கு எவ்வளவு ஆகும், எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

உள்ளே நுழைந்தால் பெஞ்சுகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற அதே பெட்டிகள், காயவைத்தவை. ஒவ்வொன்றின் மேலும் கரித்துண்டால் எழுதியிருந்தது: "மூணாவது பெஞ்சு", "தூணடி", "சொவரோரம்", "வெளியே வாழை பக்கம்". உள்ளே பழைய செய்தித்தாளை மடித்து மடித்து, ஒரு சில்லு இன்னொன்றோடு உரசாதபடி அடுக்கியிருந்தார். அரிசி மணி அளவுத் துண்டுகள்கூட ஒரு தனி டப்பாவில் இருந்தன.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அந்தோணியாரின் அங்கி முழுக்கப் பழுப்பு. உடைந்தபின் தோள் துண்டும் முழங்கால் துண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்று தெரிந்தால், அது மேல் சட்டத்திலிருந்து பறந்து வந்ததா, கீழ்ச் சட்டத்திலிருந்து நேரே சரிந்ததா என்று ஊகிக்கலாம். அக்கா கரியால் எழுதியது எனக்கு வரைபடம். அது இல்லாமல் நான் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன். புதுச் சன்னல் செய்து மாட்டியிருப்பேன், நீங்களும் சரி என்றிருப்பீர்கள்.

ஈயத்தையும் அவர் விடவில்லை. இதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைக்கிற ஈயப் பட்டைக்கு இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி. கண்ணாடி அந்தப் பள்ளத்தில் உட்காரும், முனைகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று வைப்போம். கண்ணாடி போனாலும், தனக்குள் இருந்த துண்டின் வளைவை ஈயம் ஓரளவு மறக்காமல் வைத்திருக்கும். முறுக்கிக் கிடந்த அந்த ஈயக் குவியலைத்தான் மறுநாள் காலை பழைய சாமான்காரர் எடை போட்டு வாங்க வந்திருக்கிறார். நல்ல விலை சொன்னாராம். ஊரே பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த காலை அது. அக்கா அந்தச் சாக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவர் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

"ஏங்க்கா, யார் சொன்னா இப்படி எடுத்து வைக்கணும்னு?" என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? வல கிழிஞ்சா கிழிஞ்ச எடத்தையும் கையில வச்சாத்தான் கண்ணு எண்ணிப் பின்ன முடியும். தூக்கிப் போட்டுட்டு எத வச்சுத் தைப்ப?" என்றார். கேட்டதே தப்பு என்பதுபோல ஒரு பார்வை வேறு.

இன்னொன்றையும் அவர் செய்யாமல் விட்டார், அதற்கும் நன்றி. சேறு படிந்த சில்லுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடலாம் என்று நல்லெண்ணத்தோடு சிலர் சொல்லியிருக்கிறார்கள். "அது எப்படிப்பட்ட சாயமோ எனக்குத் தெரியாது, தெரியாததுக்குத் தண்ணி காட்ட மாட்டேன்" என்று மறுத்துவிட்டாராம். முகம், கை, அங்கியின் மடிப்பு இவையெல்லாம் கண்ணாடியின் மேல் தீட்டப்பட்டவை. நன்றாக அரைத்த கண்ணாடித் தூளோடு இரும்பு அல்லது செம்பு ஆக்சைடு சேர்த்து, வேலம்பிசின் தண்ணீரில் குழைத்துத் தீட்டுவோம். முதலில் கோடு, அதன்மேல் மெல்லிய பூச்சு. பூச்சு காய்ந்தபின் குச்சியாலும் முரட்டுத் தூரிகையாலும் சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தைத் திறப்போம். காகிதத்தில் நிழலைப் போடுகிறோம், கண்ணாடியில் நிழலை எடுக்கிறோம். பிறகு சூளையில் 600 டிகிரிக்கு மேல் சுட்டால் தீட்டு கண்ணாடியோடு உருகி ஒட்டும். சூடு போதாமல் சுட்டிருந்தாலோ, சீக்கிரம் உருகட்டும் என்று வெண்காரம் சேர்த்திருந்தாலோ, வருடங்கள் போகப் போகத் தீட்டு உதிரத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டுச் சன்னல்கள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. நம் அந்தோணியாரின் இடது கன்னத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு வாளி சோப்புத் தண்ணீர் பட்டிருந்தால் கண்ணும் மூக்கும் தண்ணீரோடு போயிருக்கும்.

முகத் துண்டுகளை மேசைமேல் கூட்டி வைத்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. எத்தனையோ தலைமுறை கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த முகம் அது. கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தால் ஆச்சரியம்: கீழேயிருந்து சாந்தமாகத் தெரிகிற அந்த முகம் பக்கத்தில் மிகக் கரடுமுரடானது. இமைக்கோடு விரல் பருமன். தீட்டியவர் தன் மேசைக்காகத் தீட்டவில்லை, நம் பெஞ்சுக்காகத் தீட்டியிருக்கிறார். கையெழுத்து எங்கும் இல்லை. ஒளிவட்டத்திலும் லீலி மலரின் மகரந்தத்திலும் உள்ள மஞ்சள் தீட்டு அல்ல, வெள்ளிச் சேர்மம். அதைக் கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சுட்டால் கண்ணாடிக்குள்ளேயே மஞ்சள் இறங்கிவிடும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவில் செய்கிற வித்தை இது. ஓர எல்லைச் சிவப்பு இன்னும் வேடிக்கை. உடைந்த விளிம்பைப் பார்த்தால் முக்கால்வாசி நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி. மேலே தோல்போல் சன்னமாகச் சிவப்பு. முழுக் கனமும் சிவப்பாக வார்த்தால் ஒளி புகாமல் கறுத்துவிடும் என்பதால் அப்படி.

முகத்தின் குறுக்கே ஈயம் ஓட்டிச் சேர்ப்பது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் அந்தோணியார் தழும்போடு நிற்பார் என்று தோன்றியது. விளிம்போடு விளிம்பு எபாக்சி பசையால் ஒட்டி, பின்னால் மெல்லிய வெள்ளைக் கண்ணாடி ஒன்றைத் தாங்கலாக வைத்தேன். பசை மெதுவாகத்தான் இறுகும்.  அந்தோணியாரோடு இருக்கும் குழந்தை இயேசுவின் வலது பாதம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் புதிதாகத் தீட்டிச் சுட்டு வைத்திருக்கிறேன். ஈயத்துக்குள் மறையும் விளிம்பில் ஆண்டைக் கீறியிருக்கிறேன். நாளைக்கு இதைப் பிரிப்பவர்கள் எது பழசு, எது என் கை என்று குழம்பக்கூடாது. உற்றுப் பார்த்தால் அந்தப் பாதம் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கிறது. பழைய கை வேறு.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கூலி பேசாமல் சாரம் கட்டிய தம்பிகளுக்கு. கண்ணாடி இல்லாத சன்னலுக்குத் தன் படகுத் தார்ப்பாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படகை நனையவிட்ட அண்ணனுக்கு. தாங்கல் கண்ணாடி அனைத்தையும் வெட்டிக் கொடுத்து, "சாமி காரியம், பில் எல்லாம் வேணாம்" என்ற கண்ணாடிக் கடை பாய்க்கு. கண்ணாடிக்கும் ஈயத்துக்கும் நடுவே அடைக்கிற பசைமாவை (புட்டி) உலர்த்த மரத்தூள் தந்த மர ஆலைக்காரருக்கு. பட்டறைக்குப் பள்ளி ஹாலைத் திறந்துவிட்ட சிஸ்டருக்கு. ஒவ்வோர் அன்பியமாக, அதாவது பங்கின் ஒவ்வொரு சிறு குழுவாக, முறை வைத்து மதியச் சோறு அனுப்பிய வீடுகளுக்கு. முக்கியமாகக் கல்யாண ஆல்பத்தையும் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்களையும் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவர்களுக்கு. மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த லீலிப் பூவை வைத்துத்தான் மேல் சட்டத்தை முடித்தேன். மாப்பிள்ளைகள் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கி நின்றிருக்கலாம் என்று பல முறை நினைத்தேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இது காற்றால் மட்டும் நடந்ததல்ல. சன்னலைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இரும்பு. கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பருத்தால் பதிந்த சுவரையே பிளக்கும். அதோடு, எப்போதோ யாரோ ஈயம் தளர்ந்த இடங்களில் சிமென்ட் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஈயம் மிருதுவாக இருப்பதே அதன் பலம். காற்று தள்ளும்போது கொஞ்சம் கொடுத்து வாங்கும். சிமென்ட் கொடுக்காது, கண்ணாடிதான் உடையும். இங்கிலாந்தில் யார்க் பேராலயத்தில் 1984 ஜூலையில் தீப்பிடித்தபோது தெற்குப் பக்கத்து வட்டமான ரோஜாச் சன்னலின் கண்ணாடி ஏறத்தாழ 40,000 இடங்களில் விரிசல் விட்டது. ஆனால் சன்னல் விழவில்லை. 1970 வாக்கில்தான் அதற்குப் புது ஈயம் போட்டிருந்தார்கள், அது பிடித்துக்கொண்டது. நம்முடையதற்கு அப்படி யாரும் பார்த்துச் செய்யவில்லை. இப்போது கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு. வெளிப்பக்கம் காப்புக் கண்ணாடி போட்டு, நடுவில் காற்று போய்வர மேலும் கீழும் இடைவெளி விட்டிருக்கிறேன். தயவுசெய்து குருவி வருகிறது, தூசி வருகிறது என்று யாரும் அந்த இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உள்ளே நீர் வேர்க்கும், தீட்டு மறுபடி உதிரும்.

இந்த வேலைக்கு நடுவே ஒரு நாள் புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவில் போய் நின்றேன். அங்கே கண்ணாடியில் 28 புனிதர்கள். முகங்களில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் போனேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு யோசனை வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் வரும் என்று தெரிந்தவுடன் பிரான்ஸில் ஷார்த்ர் பேராலயத்தின் சன்னல்களை 1939இல் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். போர் முடிந்தபின் திரும்ப மாட்டினார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது, ஆள் இருந்தது, பணம் இருந்தது. நம் கரையோரக் கோவில்களில் சின்னச் சின்னதாக எத்தனை சன்னல்கள். ஒன்றுக்கும் ஓர் ஒழுங்கான படம் கிடையாது. அடுத்த காற்றுக்கு எல்லா ஊரிலும் ஓர் அக்கா இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

ஆகவே இதை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன்: வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் நம் கோவிலில் மிச்சமுள்ள சன்னல்களைப் படியெடுப்பேன், அதன்பின் பக்கத்துப் பங்குகளுக்குப் போவேன். காசு வேண்டாம். சன்னல்மேல் தாளை ஒட்டி, கருமெழுகால் தேய்த்தால் ஈயக் கோடு அத்தனையும் தாளில் ஏறிவிடும். பகல் வெளிச்சத்தில் உள்ளிருந்து ஒரு படம், வெளியிலிருந்து ஒரு படம். ஒவ்வொரு துண்டுக்கும் எண். அவ்வளவுதான் வேலை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம். வருகிற சனிக்கிழமை, அக்கா பெருக்கி முடித்ததும் ஆரம்பிக்கிறோம். முதல் சன்னலில் எண் போடுவது அவர்தான், கரித்துண்டு வேண்டாம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். வருகிற பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு. ஈயம் தொட்ட கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் இலைமுன் உட்காரக்கூடாது.